ஆம்ஸ்ட்ராங் வழக்கு: ‘கேட்டுப் பாருங்கள்’ என்ற வானொலிப் பொறியாளர்

1913 ஜனவரி 31. நியூயார்க்கில் ஒரு நோட்டரியின் மேசையில் 22 வயது மாணவர் ஒருவர் ஒரு தாளை வைத்தார். கையால் வரைந்த சர்க்யூட் படம். நோட்டரி பார்த்தார், முத்திரை குத்தினார். செலவு 25 சென்ட். முறையாகக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க 150 டாலர் வேண்டும். அப்பாவோ, முதலில் பட்டம், அப்புறம்தான் பணம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கையிலிருந்த சாமான்களை விற்றுப் பார்த்தும் தொகை தேறவில்லை. அப்படியானால் படத்தில் தேதியையாவது பதிந்து வை என்று மாமா யோசனை சொன்னார். அதற்காகத்தான் அந்த முத்திரை.

அந்த மாணவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். வால்வு ரேடியோவுக்கு உயிர் கொடுத்த பின்னூட்டச் சர்க்யூட், ரேடியோ முதல் டிவி வரை எல்லாப் பெட்டிக்குள்ளும் குடியிருக்கும் சூப்பர்ஹெட்டரோடைன், நாம் பண்பலை என்று சொல்லும் எஃப்.எம். இந்த மூன்றிலும் அவர் கை இருக்கிறது. முதல் உலகப் போரில் ராணுவத்தின் சிக்னல் படையில் மேஜராக இருந்தவர். கடைசி வரை நண்பர்களும் சக பொறியாளர்களும் அவரை மேஜர் என்றே கூப்பிட்டார்கள்.

கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்காகவும் அவர் வழக்காட வேண்டியிருந்தது. எங்கே போனாலும் அவருடைய வாதம் ஒன்றுதான்: கருவியை ஓடவிடுகிறேன், காதால் கேட்டுப் பாருங்கள். கேட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அப்படியிருந்தும் அந்த மனிதர் ஏன் ஒவ்வொரு முறையும் அடி வாங்கினார் என்பதை நான் பல வருஷமாக யோசித்திருக்கிறேன். அவர் வாழ்க்கையை ஒரு வழக்குக் கட்டாக வைத்துப் புரட்டிப் பார்ப்பதே இங்கே நோக்கம்.

யாங்கர்ஸ் வீட்டு மாடி

பிறந்தது 1890 டிசம்பர் 18, நியூயார்க் நகரம். அப்பா ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தவர். அம்மா முன்பு பள்ளி ஆசிரியை. சின்ன வயதில் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரு நரம்பு நோய் வந்தது. முகமும் தோளும் தன்னறியாமல் வெட்டி வெட்டி இழுக்கும். அதனால் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தார். அந்த இழுப்பு வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. உணர்ச்சிவசப்பட்டால் தோள் குலுங்கும்.

குடும்பம் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் யாங்கர்ஸுக்குக் குடிபெயர்ந்தது. மாடி அறை அவருக்கென்று ஆனது. 1910 வாக்கில் வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரத்துக்கு ஏரியல் கம்பம் ஒன்றை எழுப்பினார். தானே கயிற்றுப் பலகையில் உட்கார்ந்து தன்னை மேலே இழுத்துக்கொண்டு போவார். கீழே நிற்பவர்களுக்கு வயிறு கலங்கும். அவருக்கு உயரம் என்றால் அமைதி. பின்னாளில் கோபுரம் ஏறுவதை அவர் விடவேயில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சிவப்பு மோட்டார் சைக்கிளில் போய் வந்தார். அங்கே மைக்கேல் புபின் அவருக்கு ஆசிரியராகவும் ஆதரவாகவும் இருந்தார்.

1906இல் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் ஆடியான் என்ற மூன்று முனை வால்வை, அதாவது மின்னோட்டத்தை ஆளும் கண்ணாடிக் குழாயை, செய்திருந்தார். வால்வு வேலை செய்தது. எப்படி வேலை செய்கிறது என்பது செய்தவருக்கே தெளிவாக இல்லை. ஆம்ஸ்ட்ராங் அளந்து பார்த்தார். கிரிட் என்ற முனையில் நுழையும் மெல்லிய அலை, பிளேட் என்ற முனையில் பெரிதாகி வெளியே வருகிறது. வெளியே வந்ததில் ஒரு பங்கைத் திருப்பி கிரிட்டுக்கே ஊட்டினால்? அது இன்னொரு முறை பெரிதாகும், இன்னொரு முறை திரும்பும். இதுதான் பின்னூட்டம். காதில் ஒட்டி வைத்தும் கேட்காத நிலையங்கள் அறை முழுக்கக் கேட்க ஆரம்பித்தன. ஊட்டத்தை இன்னும் கூட்டினால் வால்வு விசிலடித்து, தானே அலை எழுப்பத் தொடங்கியது. அதாவது ஒரே சர்க்யூட், அளவாக ஊட்டினால் ரிசீவர், மீறி ஊட்டினால் டிரான்ஸ்மிட்டர். பேச்சையும் பாட்டையும் ஒலிபரப்பும் நிலையம் என்ற ஒன்று சாத்தியமானதற்கு இந்த இரண்டாவது குணம்தான் அடித்தளம்.

1914 ஜனவரி 30 இரவு, நியூஜெர்சி கடற்கரையில் பெல்மார் என்ற இடத்தில் மார்க்கோனி கம்பெனியின் குடிசை ஒன்றில் இதைச் செய்து காட்டினார். ரத்தம் உறையும் குளிர். பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் மாட்டியிருந்தவர் கம்பெனியின் இளம் அதிகாரி டேவிட் சார்னாஃப். விடியும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. அயர்லாந்தின் கிளிஃப்டன் கேட்டது, பசிபிக் நடுவே ஹொனலூலு கேட்டது. அந்த ராத்திரியில் பிறந்த நட்புதான் இந்த வழக்குக் கட்டின் நடுப்பக்கம்.

ஒரு தேதி, இருபது வருஷம்

காப்புரிமைக்கு 1913 அக்டோபர் 29இல் விண்ணப்பித்தார். அடுத்த அக்டோபரில் எண் 1113149 கிடைத்தது. பிறகு டி ஃபாரஸ்ட் வந்தார். 1912 ஆகஸ்ட் 6 அன்றே என் ஆய்வுக்கூட நோட்டுப் புத்தகத்தில் இது இருக்கிறது என்றார். அந்தக் குறிப்பில் இருந்தது, ஒரு தொலைபேசிப் பெருக்கிச் சர்க்யூட்டில் எழுந்த விசில் சத்தம். அது ஏன் எழுகிறது, அதை வைத்து ரேடியோவில் என்ன செய்யலாம் என்ற விளக்கம் அதில் இல்லை. 1915இல் ஆம்ஸ்ட்ராங் வளைகோடுகள் வரைந்து ஆடியானின் நடத்தையை விளக்கிக் கட்டுரை வாசித்தபோது, எதிரில் நின்று மறுத்தவர்களில் டி ஃபாரஸ்ட்டும் ஒருவர்.

1921இல் தீர்ப்பு ஆம்ஸ்ட்ராங் பக்கம். 1922இல் மேல்முறையீட்டிலும் அவரே வென்றார். யாங்கர்ஸ் ஏரியல் கம்பத்தில் காப்புரிமை எண் எழுதிய கொடியை ஏற்றினார், டி ஃபாரஸ்ட் தன் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று.

இங்கேதான் அவர் செய்த பெரிய பிழை. டி ஃபாரஸ்டின் கம்பெனி அப்போது நொடித்த நிலை. நஷ்டஈட்டுத் தொகையை விட்டுக்கொடுத்துவிடு, தீர்ப்பு இறுதியாகிவிடும் என்று வக்கீலும் நண்பர்களும் சொன்னார்கள். ஆம்ஸ்ட்ராங் மாட்டேன் என்றார். அவர் கண்ணில் அது பணமே இல்லை. செய்த தவறை எதிராளி ஒப்புக்கொள்வதற்கான அடையாளம். இறுதி ஆணை பதிவாகாமல் தொங்கிக்கொண்டிருந்த இடைவெளியில் டி ஃபாரஸ்ட் வாஷிங்டனில் வேறு வழியாக வழக்கைத் திறந்தார். 1924இல் அந்த நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. 1928இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கையில் வந்த வெற்றியைப் பூட்டி வைக்காமல் விட்டார் என்பது என் கருத்து. சரியாக இருப்பதும் சரி என்று பதிவாவதும் வேறு வேறு வேலை. இரண்டாவதில் அவருக்குப் பொறுமை இல்லை.

இந்த வழக்கில் பெரிய கம்பெனிகள் எந்தப் பக்கம் நின்றன என்பதும் முக்கியம். ஆம்ஸ்ட்ராங்கின் காப்புரிமை 1931இல் காலாவதி. டி ஃபாரஸ்டுக்கு 1924இல்தான் காப்புரிமை கிடைத்ததால் அது 1941 வரை ஓடும். இரண்டு உரிமையும் ஆர்.சி.ஏ. கூட்டணியின் கைக்குள் இருந்தன. ஆர்.சி.ஏ. என்றால் ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா, சார்னாஃப் தலைமைக்கு உயர்ந்த கம்பெனி. எது நீண்ட நாள் வசூல் தருமோ அதைத்தானே அவர்கள் தாங்குவார்கள்? 1934இல் கடைசியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் ஆர்.சி.ஏ. நின்றது டி ஃபாரஸ்ட் பக்கம். மே 21 அன்று நீதிபதி கார்டோசோ எழுதிய தீர்ப்பு டி ஃபாரஸ்டுக்கே. அதில் சர்க்யூட்டைப் பற்றிய விளக்கத்திலேயே பிழை இருந்தது, பின்னர் வாசகத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. முடிவு மாறவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ரேடியோ பொறியாளர் கழகத்தின் மாநாடு பிலடெல்பியாவில் நடந்தது. பின்னூட்டச் சர்க்யூட்டுக்காக 1917இல் கழகம் கொடுத்த கௌரவப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் போயிருந்தார். நீதிமன்றம் என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு பதக்கம் வைத்திருப்பது முறையில்லை என்று ஒரு சிறு உரையும் எழுதி வைத்திருந்தார். தலைவர் அவரைப் பேசவே விடவில்லை. பதக்கத்தைத் திரும்பப் பெறக் கழகம் மறுக்கிறது, முன்பு சொன்னதை மறுபடியும் உறுதி செய்கிறது என்று அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. கழகத்தின் நிர்வாகக் குழுவில் பலர் அவரை எதிர்த்து நின்ற கம்பெனிகளின் சம்பளக்காரர்கள். அவர்களும் சேர்ந்துதான் அந்த முடிவை எடுத்தார்கள்.

பாரிஸில் ஒரு ராத்திரி

சட்டச் சண்டை அப்படியே இருக்கட்டும். அவருடைய ராணுவ நாட்களுக்குத் திரும்புவோம். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஆம்ஸ்ட்ராங் கேப்டனாகச் சிக்னல் படையில் சேர்ந்து பிரான்ஸ் போனார். பாரிஸில் மோன்பர்னாஸ் சாலையில் படைக்கு ஒரு ஆய்வுக்கூடம். போர் விமானங்களில் ரேடியோ பொருத்துவது அவர் வேலைகளில் ஒன்று. தானே ஏறிப் பறந்து சோதித்துப் பார்ப்பார்.

1918இல் ஒரு ராத்திரி ஜெர்மன் விமானங்கள் குண்டு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமான எஞ்சினின் தீப்பொறி மிக உயர்ந்த அதிர்வெண்ணில் அலை வீசும். அதைப் பிடித்தால் இருட்டிலும் விமானம் எங்கே என்று தெரியும். ஆனால் அன்றைய வால்வுகளால் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைப் பெருக்க முடியாது. பெருக்க முடியாவிட்டால் கீழே இறக்கிக்கொண்டால் என்ன? வருகிற அலையோடு நாமே எழுப்பும் ஓர் அலையைக் கலந்தால் இரண்டுக்குமான வித்தியாசம் ஒரு புது அலையாகக் கிடைக்கும். அதை நிதானமாகப் பெருக்கலாம். சூப்பர்ஹெட்டரோடைன் என்பது இதுதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பழைய ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். முள்ளை அங்கே கொண்டு வரும்போது பெட்டிக்குள் அலை எழுப்பும் ஆசிலேட்டர் 1391க்கு நகர்ந்து நிற்கும். வித்தியாசம் 455. சென்னை 720க்குத் திருப்பினால் ஆசிலேட்டர் 1175. வித்தியாசம் மறுபடி 455. எந்த நிலையம் வந்தாலும் உள்ளே அந்த ஒரே எண்ணாக மாற்றப்பட்டுவிடும். அதனால் பெருக்கும் பகுதியை 455க்கு மட்டும் சரியாகச் செய்து வைத்தால் போதும். ரிப்பேர் கடையில் மெக்கானிக் சின்னத் திருப்புளியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த 455 பகுதியின் உலோகக் கூடான ஐ.எஃப். கேனின் தலையை அரைக்கால் சுற்று திருப்புவாரே, திடீரென்று குரல் பளிச்சென்று முன்னால் வருமே, அந்த இடம்தான் பாரிஸில் பிறந்த யோசனை. 

குண்டுவீச்சு விமானத்தைப் பிடிக்க அது பயன்படுவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1918 டிசம்பர் 30இல் பிரான்ஸில் விண்ணப்பம் போட்டார். மேஜர் பதவியும் பிரான்ஸின் லெஜியன் தோனர் விருதும் பெற்று ஊர் திரும்பினார். இதிலும் முன்னுரிமைத் தகராறு வந்தது. பிரெஞ்சுக்காரர் லூசியன் லெவி தனக்கு முன்பே இந்த எண்ணம் இருந்ததாகச் சொன்னார். அமெரிக்காவில் பல உரிமைக் கூறுகள் லெவிக்கே போயின. லெவியின் கோரிக்கையில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் யோசனையை வேலை செய்யும் பெட்டியாக்கி வீட்டுக்குள் கொண்டு வந்தது ஆம்ஸ்ட்ராங்.

பணமும் வந்தது. முதல் இரண்டு காப்புரிமைகளையும் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 3,35,000 டாலருக்கு வாங்கியது. 1922இல் இன்னொரு கண்டுபிடிப்புக்கு ஆர்.சி.ஏ. 2 லட்சம் டாலரும் 60,000 பங்குகளும் கொடுத்தது. அந்தக் கம்பெனியில் அவரளவு பங்கு வைத்திருந்த தனிநபர் வேறு யாருமில்லை. 1923இல் சார்னாஃபின் செயலாளராக இருந்த மேரியன் மெக்கின்னிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணப் பரிசு, கையில் தூக்கிப் போகக்கூடிய ஒரு சூப்பர்ஹெட்டரோடைன் ரேடியோ. அதே வருஷம் நியூயார்க்கில் ஆர்.சி.ஏ. நிலையக் கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். சார்னாஃப் கடும் கோபமாகி, இனி அந்தப் பக்கம் வரக்கூடாது என்று எழுதினார். பயத்தில் வந்த கோபம் அது, பகை இல்லை.

தூசும் ஜன்னலும்

ஐப்பசி அடைமழையில் மீடியம் வேவ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எஃப்.எம். ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கோ மின்னல் வெட்டும், இங்கே பெட்டி சடசடக்கும். செய்தி வாசிப்பவர் குரல் பாதியில் முறியும். மீடியம் வேவின் ஏ.எம். முறையில் குரல் அலையின் உயரமாகப் போகிறது. மின்னலும் அலையின் உயரத்தைத்தான் தாக்குகிறது. ரேடியோவால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எல்லாரும், ஜன்னலைக் குறுக்கினால் தூசு குறையும் என்று நினைத்தார்கள். அலைவரிசையின் அகலத்தை எவ்வளவு சுருக்குகிறோமோ அவ்வளவு சத்தம் குறையும். அதே கணக்கில் அதிர்வெண் பண்பேற்றத்தையும், அதாவது எஃப்.எம்.மையும், பார்த்த ஜான் கார்சன் என்ற கணித வல்லுநர், 1922இல் அதனால் ஒரு லாபமும் இல்லை என்று எழுதிவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது குறுகிய ஜன்னல். அந்தக் கணக்கு அந்த ஜன்னலுக்குச் சரி.

ஆம்ஸ்ட்ராங் ஜன்னலை அகலத் திறந்தார். ஏ.எம். நிலையம் 10 கிலோஹெர்ட்ஸில் அடங்கும். இவர் கேட்டது 200. குரலுக்கு ஏற்ப அலையின் உயரம் மாறாது, நொடிக்கு எத்தனை அலை என்ற எண்ணிக்கை மாறும், அதுவும் தாராளமாக மாறும். வாங்கும் பெட்டியில் முதலில் ஒரு லிமிட்டர். பயிரின் தலையை மட்டமாக அரிந்துவிடுவதுபோல் அலையின் உயரத்தில் ஒட்டிவந்த மின்னல், மோட்டார், சுவிட்ச் எல்லாவற்றையும் அது வெட்டிவிடும். மிஞ்சிய அலையில் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் அடுத்த பகுதி குரலாக்கும். சுமார் பத்து வருஷம் இதற்காக உழைத்தார். 1933 டிசம்பர் 26இல் காப்புரிமைகள் வந்தன.

மின்னல் சத்தத்தை ஒழிக்க ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை யாராவது கண்டுபிடித்துத் தரமாட்டார்களா என்று சார்னாஃப் முன்பு சொல்லியிருந்தார். ஆம்ஸ்ட்ராங் கொண்டு வந்ததோ பெட்டி இல்லை, ஒரு புது ஒலிபரப்பு முறை. டிரான்ஸ்மிட்டரையும் மாற்ற வேண்டும், ரிசீவரையும் மாற்ற வேண்டும். 1934 ஜூனில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 85ஆம் மாடியில் ஆர்.சி.ஏ. இடம் கொடுத்தது. நியூயார்க்கிலிருந்து லாங் ஐலண்ட் கடற்கரை வரை சோதனை. இடி இடித்த நாட்களில் ஏ.எம். அலறியது, எஃப்.எம். அமைதியாகப் பாடியது. 1935 ஏப்ரலில் கருவிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். டிவி சோதனைக்கு அந்த இடம் வேண்டுமாம்.

1935 நவம்பர் 5. நியூயார்க்கில் பொறியாளர் கழகக் கூட்டம். ஆம்ஸ்ட்ராங் கட்டுரையை வாசித்தார். யாரும் எதிர்பாராத நேரத்தில் பக்கத்தில் இருந்த ரேடியோப் பெட்டியை முடுக்கினார். யாங்கர்ஸில் ஒரு நண்பரின் வீட்டு அமெச்சூர் நிலையம் 110 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. பெட்டி முதலில் கரகரத்தது, நிலையம் பிடிபட்டதும் சத்தம் சட்டென்று அடங்கியது. பெட்டி செத்துவிட்டதோ என்று நினைக்கும்படி ஒரு மௌனம். அப்புறம் பேச்சுக் குரல். அங்கே ஒருவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். இங்கே தண்ணீர் ஊற்றும் சத்தம். தாளைக் கசக்கினார், தாள் கசங்கியது. ஏ.எம். ரேடியோவில் இந்த இரண்டும் வெறும் இரைச்சலாகத்தான் வரும்.

இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. அரங்கில் இருந்த அத்தனை பேரும் துறைக்காரர்கள். காதால் கேட்டார்கள், வியந்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். ஒரு கம்பெனியும் மறுநாள் கதவைத் தட்டவில்லை. காதில் விழுந்தது போதும் என்று ஆம்ஸ்ட்ராங் நம்பினார். ஆனால் ஊரெங்கும் நிறுத்தியிருக்கும் ஏ.எம். நிலையங்களில் போட்ட முதல், விற்ற பெட்டிகள், அடுத்து விற்கப்போகும் டிவி, அரசாங்கம் ஒதுக்கும் அலைவரிசை, இவை எதற்கும் காது கிடையாது.

ஆல்பைன்

யாரும் வராததால் தானே நிலையம் கட்டினார். ஹட்சனுக்கு அக்கரையில் நியூஜெர்சியின் ஆல்பைன் என்ற இடத்தில், செங்குத்துப் பாறைமேல் 425 அடிக் கோபுரம். மூன்று நீண்ட குறுக்குக் கைகள் கொண்ட வடிவம். செலவு 3 லட்சம் டாலருக்கு மேல். ஆர்.சி.ஏ. பங்குகளை விற்றுப் போட்ட பணம் அது. 1939இல் டபிள்யூ2எக்ஸ்எம்என் என்ற அந்த நிலையம் முழு வலுவில் பாடியது. கொலம்பியாவில் பேராசிரியர் பதவி, ஆனால் பேருக்குத்தான் சம்பளம். ஐம்பதை நெருங்கும் வயதிலும் அந்தக் கோபுரத்தின் கைகளில் ஏறி ஏரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து பகுதியில் யாங்கி நெட்வொர்க் என்ற வானொலி நிறுவனம் கைகொடுத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக், ஜெனித் போன்றவை உரிமத்தொகை கட்டிப் பெட்டி செய்தன. 1940இல் அலைவரிசை ஒதுக்கும் அமெரிக்க அரசின் எஃப்.சி.சி. ஆணையம் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்.எம்.முக்கு ஒதுக்கியது, 1941 ஜனவரி 1 முதல் வணிக ஒலிபரப்பு. டிவியின் ஒலியும் எஃப்.எம். என்றே முடிவானது. ஆர்.சி.ஏ. 10 லட்சம் டாலரை ஒரே தவணையாகத் தருகிறோம், உரிமத்தொகை கேட்காதே என்றது. மற்றவர்கள் உரிமத்தொகை கட்டும்போது உங்களுக்கு மட்டும் தனிச் சலுகை எப்படி என்று ஆம்ஸ்ட்ராங் மறுத்தார். இந்த மறுப்பில் நான் அவர் பக்கம்.

அதற்குள் அடுத்த போர். தன் எஃப்.எம். காப்புரிமைகளை ராணுவம் போர்க்காலம் முழுக்க இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று எழுதிக் கொடுத்தார். டாங்கிக்குள் எஞ்சின் தீப்பொறி ஏ.எம்.மை மூழ்கடித்துவிடும், அமெரிக்க டாங்கிகள் எஃப்.எம்.மில் பேசிக்கொண்டன. காலாட்படை வீரர்கள் முதுகில் சுமந்த எஸ்.சி.ஆர்.-300 பெட்டியும் எஃப்.எம்.தான். இது எத்தனை பேர் உயிரைக் காத்தது என்று கணக்கிட முடியாது. பழைய சிக்னல் படை மேஜர் அதற்கு ஒரு சென்ட்டும் வாங்கவில்லை.

1946 ஜனவரி 10இல் சிக்னல் படையின் ஒரு குழு நிலவை நோக்கி 111.5 மெகாஹெர்ட்ஸில் அலை வீசியது. இரண்டரை நொடியில் எதிரொலி திரும்பி வந்தது. குழுவின் தலைவர் ஜான் டிவிட், நாஷ்வில் நகரத்தில் ஒலிபரப்புப் பொறியாளராக இருந்து ராணுவத்துக்கு வந்தவர். அவர்கள் பயன்படுத்திய டிரான்ஸ்மிட்டர், ஆம்ஸ்ட்ராங்கின் ஆலோசனையில் மாற்றியமைத்த ரேடார் கருவி. நடந்த இடம் கேம்ப் எவன்ஸ். அதாவது 32 வருஷத்துக்கு முன் அவரும் சார்னாஃபும் குளிரில் விடிய விடிய உட்கார்ந்திருந்த அதே பெல்மார் மார்க்கோனி வளாகம்.

இடம் மாறிய அலைவரிசை

போர் முடியும் தறுவாயில், 1945 ஜூனில், எஃப்.சி.சி. ஆணையம் எஃப்.எம்.மை 88-108 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியது. சூரியப் புள்ளிகள் கூடும்போது பழைய இடத்தில் தொலைதூர நிலையங்கள் குறுக்கிடும் என்று ஒரு வல்லுநர் கணித்ததுதான் காரணம். அந்தக் கணிப்பு தவறு என்று ஆம்ஸ்ட்ராங் புள்ளிவிவரங்களோடு வாதாடினார். காலி செய்த இடத்தில் ஒரு பகுதி டிவிக்குப் போனது.

மக்கள் வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கான எஃப்.எம். பெட்டிகள் பயனற்றுப் போயின. ஏறக்குறைய 50 நிலையங்கள் புதிதாக டிரான்ஸ்மிட்டர் வைக்க வேண்டியதாயிற்று. இதைச் சதி என்று எழுதுபவர்கள் உண்டு. என்னால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. புதிய இடத்தில் 40க்குப் பதில் 100 சேனல் கிடைத்தது. இன்று உலகின் பெரும்பகுதி அந்தப் பட்டையில்தான் பாடுகிறது. 1977 ஜூலை 23இல் இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியதும் அதற்குள்தான். பாழானது காலம். கேட்பவர் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அவர்களைக் கூண்டோடு கலைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணு என்றார்கள். காப்புரிமைக்கு மொத்த ஆயுளே 17 வருஷம். அதில் 12 போயிருந்தது.

விசாரணை அறை

1948 ஜூலையில் ஆர்.சி.ஏ. மீதும் அதன் ஒலிபரப்பு நிறுவனமான என்.பி.சி. மீதும் வழக்குப் போட்டார். ஆர்.சி.ஏ. டிவிப் பெட்டிகளில் எஃப்.எம். ஒலி இருந்தது, அவருக்கு உரிமத்தொகை இல்லை. வேறு முறையை நாங்களே செய்தோம் என்றார்கள். வழக்குக்கு முந்தைய விசாரணையில் ஆம்ஸ்ட்ராங்கை மட்டும் ஒரு வருஷம் போல் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். 1950 டிசம்பரில் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகும் என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும். இழுத்தால் போதும். ஒருநாள் சார்னாஃப் சாட்சி சொன்னார்: எஃப்.எம். வளர்ச்சிக்கு ஆம்ஸ்ட்ராங் உட்பட வேறு எவரையும்விட ஆர்.சி.ஏ.வே அதிகம் செய்தது என்று. பெல்மாரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது அது. ஆம்ஸ்ட்ராங் எதிரே இருந்தார்.

1953க்குள் பணம் தீர்ந்துவிட்டது. வேறு எதைப் பற்றியும் அவரால் பேச முடியவில்லை. வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று மேரியன் கேட்டார். அந்த நவம்பரில் நடந்த சண்டையில் ஆம்ஸ்ட்ராங் கணப்புக் கோலை எடுத்து மேரியனின் கையில் அடித்துவிட்டார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த பெண் வீட்டை விட்டுத் தன் சகோதரியிடம் போனார். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நேர்மையில்லை. 1954 ஜனவரி 31 இரவு, மனைவிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 63. நோட்டரி முத்திரை விழுந்த நாளுக்குச் சரியாக 41 வருஷம்.

ஆல்பைன் நிலையம் மார்ச் 6இல் நின்றது. வழக்குகளை மேரியன் கையில் எடுத்தார். அந்த வருஷ முடிவில் ஆர்.சி.ஏ.வோடு சமரசம், தொகை 10,50,000 டாலர். 1940இல் கணவர் மறுத்த தொகைக்கு 50,000தான் கூட. மற்றக் கம்பெனிகளை அவர் விடவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பணிந்தார்கள். கடைசியாக மோட்டோரோலா, 1967இல். முக்கால் வாழ்க்கையைச் சட்டத்துக்குக் கொடுத்த கணவருக்கு வாய்க்காத பொறுமை மேரியனுக்கு இருந்தது.

2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையம் விழுந்தபோது அதன் உச்சியிலிருந்த ஒலிபரப்பு ஏரியல்களும் விழுந்தன. நியூயார்க்கின் சில டிவி நிலையங்கள் அவசரமாக வேறு கோபுரம் தேடின. ஆற்றுக்கு அக்கரையில், ஆல்பைன் பாறைமேல், மூன்று கைகளையும் நீட்டிக்கொண்டு ஒன்று நின்றிருந்தது. அதில் ஏறி ஏரியல் கட்டினார்கள்.